நான் போகாத மதிய டூட்டி

தம்பி,

நிச்சயம் முடிந்து நீ மதுரைக்குப் பஸ் ஏறி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும், "அம்மா, டூட்டில இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். உன் அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே அப்புறத்தைச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அதனால் எழுதுகிறேன். இருபத்து மூன்று வருஷம் கேஸ் ஷீட்டில் எழுதியவள் நான். அரைப் பக்கத்துக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. முன்னுக்குப் பின்னாகப் போனால் பொறுத்துக்கொள். உன் வார்டில் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் யாராவது எட்டிப் பார்த்துப் படித்தாலும் மறைக்காதே, அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் பவித்ரா கம்பத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, குரலைத் தணித்துப் பேசினாள். "அத்தே, தப்பா எடுத்துக்கிறாதீங்க. அவுகளுக்கு என்னையப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. வெள்ளிக்கெழம எங்கப்பா பத்திரிகை அடிக்கக் குடுக்கப் போறாக. அதுக்கு அப்புறம்னா எல்லாருக்கும் சங்கடம்." ஏன் ஆத்தா இப்படிக் கேட்கிறாய் என்றேன். பிறகு சொன்னாள். "மோதிரம் போடக் கையப் பிடிச்சாகள்ல, போட்டு முடிச்சும் விடல. எனக்குச் சந்தோசமாத்தேன் இருந்துச்சு. அப்புறம் பாத்தா மூணு வெரலும் என் மணிக்கட்டுல இருக்கு. இன்னொரு கைல இருந்த வாட்சப் பாக்குறாக. உதடு மட்டும் அசையுது. எண்ணுறாக அத்தே. எத்தனைன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். தொண்ணூத்தாறுன்னாக. என் மூஞ்சிய நிமிந்து பாக்கவே இல்ல."

அந்தப் பிள்ளைக்கு நான் பதில் ஒன்று சொன்னேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அவள் போனை வைத்த பிறகு போட்டோக்காரர் அனுப்பியிருந்த படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூற்றுப் பதினான்கு படம். பதினோரு மணி வரைக்கும் எடுத்ததில் நீ நீயாக இருக்கிறாய். பல்லைக் காட்டிச் சிரிக்கிறாய், உன் சித்தப்பா மகன் தோளில் கை போட்டிருக்கிறாய், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெட்கப்படுகிறாய். பதினோரு மணிக்கு மேல் எடுத்த எல்லாப் படத்திலும் உன் கண் ஒரே இடத்தில் இருக்கிறது. எல்லார் தலைக்கும் ஒரு முழம் மேலே, இடது கைப் பக்கம். பவித்ரா வீட்டுக் கூடத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் சுவர். சரி, சுவரில் பல்லி ஏதும் ஓடியிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று போட்டோக்காரர் கூட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்பி நிற்க வைத்தார் அல்லவா, அந்தப் படங்களிலும் நீ அதே உயரத்தில், அதே இடது பக்கம்தான் பார்க்கிறாய். நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அது உன்னோடு திரும்பியிருக்கிறது. கட்டில் தலைமாட்டில் மானிட்டர் மாட்டுகிற உயரம் அது.

பதினோரு மணிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், உன் போன் அடித்தது. நீ வாசல் பக்கம் போய்ப் பேசினாய். "சார், இன்னைக்கு எனக்கு நிச்சயம் சார். இல்ல சார், ஊர்ல இருக்கேன். சாரி சார். அய்யோ, தெரியும் சார். சாரி சார்." பேசி முடிப்பதற்குள் எட்டு சாரி. நான் எண்ணினேன். தன் நிச்சயத்தன்று வேலைக்கு வர முடியவில்லை என்பதற்கு எட்டுத் தடவை மன்னிப்புக் கேட்கிறவனைப் பார்த்தால் ஊரில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி உள்ளே வந்தபோது, வாசற்படி தாண்டி வந்தது யார் என்று ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பெற்றவள் எழுதக்கூடாத வரி இது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நீ டூட்டிக்குப் போகாததைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. போகாமல் இருந்தது நூற்றுக்கு நூறு சரி. நான் சொல்ல வருவது வேறு. அதைச் சொல்ல, உன்னிடமும் உங்கள் அப்பாவிடமும் இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு மத்தியானத்தைச் சொல்ல வேண்டும்.

நான் சின்னமனூர் ஆஸ்பத்திரியில் சேரும்போது உனக்கு நாலு வயது. இருபது கட்டில், ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் தலையில் இருபதும் விழும். எங்கள் மேட்ரன் கட்டப்பனைப் பக்கத்து மலையாளத்தம்மா. திட்டவே தெரியாதவர்கள், அதனாலேயே அவர்களிடம் எங்களுக்கெல்லாம் பயம். நமக்கு லீவு என்று தெரிந்தே போன் செய்வார்கள். "மோளே, மதியத்துக்கு ஜெயா ஒத்தைக்கு ஆயிட்டா. நீ வந்தா மதி" என்பார்கள். நீ ஒருத்தி வந்தால் போதும் என்று அர்த்தம். வர முடியாது என்றால் கோபம் வராது. பேச்சு நின்றுவிடும். போனில் வார்டுச் சத்தம் மட்டும் கேட்கும். டிராலிச் சக்கரம் உருளுவது, யாரோ இருமுவது, தூரத்தில் யாரோ "சிஸ்டர்" என்பது. அந்தச் சத்தத்தை நன்றாகக் கேட்கவிட்டு, அப்புறம்தான், "சரி, பரவாயில்ல மோளே. நாங்க எப்படியாச்சும் பாத்துக்கறோம்" என்பார்கள். அந்தப் பரவாயில்லைக்கு நாலு வார்த்தை வைதிருக்கலாம். போனை வைத்த பிறகும் அந்த "சிஸ்டர்" காதுக்குள்ளேயே இருக்கும். மிக்சி போட்டாலும் கேட்கும். ஆஸ்பத்திரி முதலாளிக்காக நமக்குக் குற்ற உணர்ச்சி வருவதில்லை தம்பி. ஒற்றையாக ஓடுகிற ஜெயாவுக்காகவும், பெயர் தெரிந்த ஒரு நோயாளிக்காகவும்தான் வருகிறது. கூப்பிடுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

உனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. உன்னை வைகை அணைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி நாலு ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றியிருந்தேன். ஐந்தாவது ஞாயிறு, எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்க ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை அப்பா கழுவி நிறுத்தியிருந்தார். நீ காலையிலிருந்தே செருப்பைக் கழற்றவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. மேட்ரன்தான். ஜெயா ஒற்றையாக இருக்கிறாள் என்பதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். "அந்த ஓடைப்பட்டி அம்மா உன்னையே கேட்டுட்டு இருக்கு மோளே" என்றார்கள். ஓடைப்பட்டிக்காரம்மா திராட்சைத் தோட்டத்தில் கொடிக்கு மருந்து அடிக்கும்போது காற்று திரும்பி முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாயில் நுரையோடு வந்தவருக்கு முதல் நாள் முழுக்க நான்தான் பக்கத்தில் நின்றேன். என்னைத்தான் தேடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். செருப்புப் போட்டுக்கொண்டு முன்னால் நின்ற நீ அதைக் கேட்டுவிட்டு உன் கழுத்தில் நீயே கை வைத்துப் பார்த்துக்கொண்டாய்.

அணைக்கு நாம் போய்ச் சேர நாலு மணி. பூங்கா, சிலைகள், ஊஞ்சல், எல்லாம் பார்த்தோம். பார்த்தோம் என்று எழுதுகிறேனே தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. மணி நாலு, அந்தம்மாவுக்கு ஊசி போட்டிருப்பார்களா. மணி ஐந்து, டார்ச் அடித்துக் கண்மணி விரிந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார்களா. இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பொரித்த மீன் வாங்கப் போனார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுவர் ஓரமாக நின்றேன். அங்கே ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக. நான் வாட்சைத் திருப்பி எண்ண ஆரம்பித்தேன். பதினைந்து நொடிக்கு எட்டு, நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. போதாது, நாற்பது ஓட வேண்டும் என்று நினைத்தேன். டிரிப்பில் இருக்குமே ஒரு சின்னச் சக்கரம், அதைத் தேடி என் கை குழாய் மேல் போனது. தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. சில்லென்று இருந்தது. வாட்சில் மணி ஆறு. அந்தக் கையில்தான் நீ இருந்திருக்க வேண்டும்.

நம் வீட்டில் இந்தக் கதையை, நீ கையை உதறிவிட்டு ஓடிப்போனதாகத்தான், யார் கை என்று சொல்லாமலே, சொல்லி வந்திருக்கிறோம். உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்போம், நீயும் அசட்டுத்தனமாகச் சிரிப்பாய். நீ ஓடவில்லை தம்பி. நான்தான் விட்டேன். எப்போது விட்டேன் என்றுகூட எனக்குத் தெரியாது. கால் மணி நேரம் உன்னைக் காணவில்லை. நான் கத்திய கத்தலில் அப்பா மீனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். இரண்டு கரைப் பூங்காவையும் சேர்க்கிற பாலத்தின் நடுவில், கைப்பிடிக் கம்பிக்குள் தலையை விட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்பா உன்னை வெளியே இழுத்து நிறுத்தினார். நான் மூச்சிரைக்க வந்து உனக்கு நேராக மண்டி போட்டு, உன் இரண்டு தோளையும் பிடித்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தெரியாத பொம்பளையைப் பார்க்கிற மாதிரி, மரியாதையாக. பிறகு அப்பா பக்கம் திரும்பிக் கேட்டாய். "அம்மா எங்கப்பா?"

"இந்தா நிக்கிதேடா, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று அப்பா சிரித்தார். பயந்துபோனவர் சிரிக்கிற சிரிப்பு அது. நீ என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால், பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கன இல்லையே" என்றாய். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. ஜீப்பில் அப்பா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தாய். மறுநாள் காலையில் உனக்கு நிஜமாகவே காய்ச்சல். நூற்றொன்று. நான் சொன்ன பொய் மறுநாள் வந்து கட்டிலில் படுத்துக்கொண்டது. அப்பாவிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு எட்டு மணி டூட்டிக்குப் போய்விட்டேன்.

வார்டுக்குள் நுழைந்ததும் ஓடைப்பட்டிக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். முகம் தெளிந்திருந்தது. "நேத்துச் சாயங்காலம் நீ வந்த பெறகுதேன் ஆத்தா எனக்கு மூச்சே நெலச்சுச்சு" என்றார். நான் நேற்று வரவில்லையேம்மா என்றேன். "வெளையாடாத. கடியாரத்தப் பாத்த, இந்தச் சக்கரத்தத் திருகி விட்ட, போயிட்ட. ஒரு வார்த்த பேசல. கோவமோன்னுகூட நெனச்சேன்." யாரோ வேறு சிஸ்டரம்மா என்று சொன்னேன். அவர் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தக் கைதேன். நேத்து மட்டும் ஈரமா இருந்துச்சு. சில்லுன்னு எம்மேல சொட்டுச்சு" என்றார்.

பூச்சிமருந்து உள்ளே போனவர்களுக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், அது எனக்குப் புதிது இல்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். இரண்டு மணிக் குறிப்பு, நாலு மணிக் குறிப்பு, ஆறு மணிக் குறிப்பு. மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து. இதிலும் அதிசயம் இல்லை. ஆள் குறைந்தால் இருக்கிறவள் வராதவள் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவது எங்கள் இடத்து வழக்கம். ஷிஃப்டுக்கு இரண்டு கையெழுத்து இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். தப்புத்தான், எல்லாரும் செய்தோம். ஜெயா என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போடுவாள். ஆனால் ஆறு மணிக் குறிப்பில் சொட்டு முப்பத்திரண்டிலிருந்து நாற்பதாகக் கூட்டப்பட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே, நோயாளி மகனைத் தேடுகிறார் என்று ஒரு வரி. ஜெயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டும் நாலும் நான் எழுதுனதுக்கா. ஆறு மணிக்கு நான் பிரசவ ரூம்ல மாட்டிக்கிட்டேன். ஏழரைக்குத்தேன் வெளிய வந்தேன். வந்து பாத்தா எழுதியிருந்துச்சு. நீங்க வந்துட்டீகன்னு நெனச்சு நிம்மதியாயிட்டேன்." மேட்ரனிடம் கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்கள். "உன் எழுத்துதன்னே மோளே? பின்னே என்னா?" என்று மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எத்தனையோ பேருக்கு என் கையால் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், ஒருத்தரும் திரும்பி வந்து நன்றி சொன்னதில்லை. மேட்ரனே எழுதியிருக்கலாம். ஜெயா பயந்துபோய் மறைத்திருக்கலாம். அதை நான் இத்தனை நாள் தோண்டவில்லை. ஏன் தோண்டவில்லை என்பதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போகாமல் இருந்தும் போயிருக்கிறேன், யாருக்கும் குறை வைக்கவில்லை என்று மனசு குளிர்ந்தது. அந்தம்மா டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது, "அன்னைக்கு நீ வராட்டிச் செத்திருப்பேன்" என்று என் காலைத் தொட வந்தார். நான் மறுக்கவில்லை. செய்யாத டூட்டிக்குக் கும்பிடு வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, உனக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பாலத்தில் நீ கேட்டது ஞாபகம் வந்தது. ஆறு மணிக்கு நான் அங்கே இருந்தேன் என்றால், உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்ன? துண்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அசட்டுத்தனம்தான். பார்த்தேன்.

அதற்கு மேல் நான் செய்த காரியம் என்னைப் போன்ற ஒரு நர்ஸ்தான் செய்வாள். எப்படியும் போகத்தான் போகிறோம், அதற்கு உடம்போடு போய்த் தொலையலாம், வீட்டில் பாதியாக உட்கார்ந்து பிள்ளையைத் தொலைப்பதற்கு அது மேல் என்று கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு வேலை பார்த்த இருபது வருஷமும், கூப்பிட்ட ஒரு தடவைகூட வர முடியாது என்று சொல்லவில்லை. உன் ஆண்டு விழா, உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட், உனக்கு அம்மை போட்ட வாரம். எல்லாரும் என்னைத் தங்கமான சிஸ்டர் என்றார்கள். நீயும் அதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பை எடுத்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

போன பொங்கலுக்குப் பவித்ராவைக் கல்யாணத்துக்குப் பிறகு எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? நீ சொன்னாய், "டேமுக்கு நான் சின்னப்பிள்ளைல அப்பாகூடப் போயிருக்கேன். நீ அன்னைக்கு டூட்டிக்குப் போயிட்ட." நானும் வந்தேன்டா என்றேன். "போம்மா, நீ எங்க வந்த. நானும் அப்பாவுந்தேன். மீன்கூடக் கீழ விழுந்துருச்சு." மீன் விழுந்தது வரை உனக்கு நினைவிருக்கிறது. நான் இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன், சொல்லுங்கள் என்று. அவர் கையிலிருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "வந்த மாதிரிதேன் இருக்கு" என்றார். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு ஓடைப்பட்டிக்காரம்மா சாட்சி, கேஸ் ஷீட் சாட்சி. அணையில் என்னைப் பார்த்ததாகச் சொல்ல, என்னைத் தவிர ஒரு சாட்சி இல்லை.

இப்போது உனக்கு. ஒரு பஸ் கவிழ்ந்து வார்டு நிரம்பினால் ஓடு, கூப்பிடும் முன்னாலேயே ஓடு, அது நம் வேலை. தினசரி ஆள் பற்றாதது உன் பாவம் இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை அது, அதை உன் போனில் இறக்கிவைக்கிறார்கள். வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல். ஒரு சாரி போதும், எட்டு வேண்டாம். என்னை மாதிரி பொய்க் காய்ச்சல் சொல்லாதே, காரணமே சொல்லாதே. அவர்கள் பேசாமல் இருந்தால் நீ அந்த மௌனத்தை நிரப்பப் போகாதே, போனை வை. இதெல்லாம் எல்லாரும் சொல்கிற புத்திமதிதான், உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே யாராவது போட்டிருப்பார்கள். எனக்கு இவ்வளவு வயதான பிறகு தெரிந்தது அதற்கு அடுத்த பாதி. முடியாது என்று சொல்லிவிட்டு மனசை அங்கே அனுப்பி வைப்பதற்குப் பெயர் மறுப்பது இல்லை. அங்கே உன்னால் ஒரு ஊசியும் போட முடியாது. இங்கே இருக்கிறவர்களுக்கும் நீ கிடைக்க மாட்டாய். போனை வைத்ததும் யாரையாவது தொடு. யாரிடமாவது சண்டை பிடி. பசிக்கிறது, சோறு போடு என்று கத்து. எதையாவது செய்து உடம்புக்குள் வந்து உட்கார்.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் கெட்டிக்காரி. நான் வருஷக்கணக்காகக் கண்டுபிடிக்காததை அவள் ஒரு மத்தியானத்தில், மணிக்கட்டில் மூன்று விரலை வைத்ததிலேயே பிடித்துவிட்டாள். அவளுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறாள். உன்மேல் அக்கறை இல்லாவிட்டால் பேசாமல் பத்திரிகை அடிக்க விட்டிருப்பாள். வியாழக்கிழமை உனக்கு ஆஃப். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்குக் கம்பத்தில் இருக்கலாம். வழியில் போன் வரும், வராமல் இருக்காது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வரும், தேனி ஸ்டாண்டில் வரும். ஏதாவது ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவள் எதிரில் போய் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துப் பேசு. பிடித்திருக்கிறது என்று நீ சொல், நான் சொல்லக்கூடாது.

நேற்று அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. பிடிக்கலையா என்று கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை ஆத்தா என்று நான் ஏதோ மழுப்பிக்கொண்டிருந்தேன். அவள் குறுக்கே கேட்டாள். "அத்தே, சிரிக்காதீங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தது அவுகதானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இல்ல ஆத்தா. அவன் இன்னும் வரல. வியாழக்கிழமை வருவான்" என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா